கடித்துப் பார்க்காத கீரை

என் மாமியாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் என் அக்காவே நம்ப மாட்டாள். நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லத்தான் போகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக்கடையில் நான் சமையல். அந்தக் கடைக்குக் கீரை கொண்டுவருபவர் அத்தை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் புளியாரை தானாக மண்டிக் கிடக்கும். மும்மூன்று இலை, குட்டி மஞ்சள் பூ. மிதித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது வெறும் களை. வாய் கசந்து, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற நோயாளிக்கு எங்கள் புளியாரை சூப் ஒரு மடக்கு இறங்கினால் பசி எட்டிப் பார்க்கும். அதற்காகவே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பிளாஸ்க்கும் கையுமாக வரிசையில் நிற்பார்கள்.

அத்தைக்கு ஒரு பழக்கம். பறித்த இடத்திலேயே ஒரு கொத்தை மென்று பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். "என் வாய்க்கு ஆகாதது ஊரான் வாய்க்கு எதுக்கு?" என்பார். அதனால் கடைக்காரர் கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த ஒரு பெயர்தான் அத்தையின் சொத்து. அவர் நடக்கிற நடைக்கு மகாராணி பிச்சை வாங்க வேண்டும்.

ஒரு சமயம் அவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் வீங்கிக் கிடந்தது. புளிப்பு நாக்கிலேயே படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் மெல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கூடையை என்னிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

சூப் கொதித்து இறங்கியது. முதல் பிளாஸ்க்கில் ஊற்றக் கரண்டியைப் பானைக்குள் விட்டேன். அத்தை தலைதெறிக்க ஓடிவந்தார். வீங்கிய வாயால் என்னவோ கத்தினார், ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. நாங்கள் முழிப்பதைப் பார்த்தவர், பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியோடு தூக்கிச் சூப் பானையில் கொட்டிவிட்டார்.

"ஏம்மா, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" கடைக்காரர் பாய்ந்து வந்தார்.

"அத்தை, என் வேலைக்கு உலை வைக்கத்தான் வந்தீங்களா?" என்று நானும் கத்தினேன்.

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "மறந்துபோன கத்தியை எடுக்கப் போனேன். அங்க ஒருத்தன் களைக்கொல்லி அடிச்சுக்கிட்டு இருக்கான். நான் பறிச்ச பக்கம் விடியும்போதே அடிச்சு முடிச்சிட்டானாம்." பிறகு வரிசையைப் பார்த்தார். "இன்னிக்கு நான் மென்னு பார்க்கல. தப்பு என்னுதுதான். யாரும் குடிக்காதீங்க."

என் காதோடு காதாகச் சொல்லியிருந்தால், பானை கவிழ்ந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அத்தை கேட்பாரா? இத்தனை காலம் கட்டிக்காத்த பெயரை அத்தனை பேர் முன்னால் தானே போட்டு உடைத்தார். கடைக்காரர் வாசலைக் காட்டினார். "இனிமே கூடையோட இந்தப் பக்கம் வராதீங்க."

ஒரு வாரம் அத்தை கூடையைத் தொடவே இல்லை. பிறகு கால்வாய்க்கு அக்கரையில் மருந்தடிக்காத புல்வெளி ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்த காவல்காரரிடம் நாலு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, கூடை நிறையப் பறித்துவந்தார். கடைவாசலில் நின்று, கடைக்காரரின் கண்ணெதிரே ஒரு கொத்தை வாயில் போட்டார். ஆறாத ஈறில் புளிப்பு பட்டதும் கண்ணில் நீர் முட்டியது.

"மெல்ல வேணாம்மா," என்று கடைக்காரர் கூடைக்குக் கை நீட்டினார். "மெல்லாத அன்னிக்கு ஓடி வந்தீங்களே, அது போதும்."

அத்தை கூடையை விடவில்லை. மென்று முழுங்கிய பிறகுதான் கொடுத்தார். பிளாஸ்க்கோடு நின்ற ஒருவர், "இது யார் பறிச்ச கீரை?" என்று கேட்டார்.

கடைக்காரர் வாயெடுக்கும் முன்னே நான் சொல்லிவிட்டேன். "எங்க அத்தை பறிச்சது!"