கண்ணாடி அடுப்புக்குத் தெரியாத விரல்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் கரண்ட் அடுப்பைக் கண்டாலே ஆகாது. அடுப்பு நல்ல அடுப்புதான், பார்க்கத்தான் சகிக்காது. திருகு உடைந்து போனதால் குறடு போட்டுத் திருப்புவேன். ஒரு கால் போன இடத்தில் ஓட்டுத் துண்டு. ஆனால் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட என்னைக் கைவிட்டதில்லை.

அண்ணி கொழும்பில் குடியேறியவர். போன வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்தபோது பளபளவென்று ஒரு கண்ணாடி அடுப்பு கொண்டுவந்தார். லயத்து வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, என் அடுப்பை இரண்டு விரலால் தூக்கிக் கொல்லைப் பக்கம் ஓரங்கட்டினார்.

“பாத்தாலே கரண்ட் அடிக்கும்போல இருக்கு. நாலு பேரு வந்து போற வீட்ல இதையா புள்ள வச்சிருக்க?”

பெண்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

புது அடுப்பில் திருகே கிடையாது, விரலால் தொட வேண்டும். தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இருபது வருஷம் கொழுந்து பறித்துக் காய்த்து வெடித்த விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. அண்ணி தொட்டதும் பற்றிக்கொண்டது.

“ஒனக்குத் தொடவே தெரியல” என்றார், அதுவும் எல்லார் முன்னாலும்.

மறுநாள் தனியாக இருந்தபோது விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

திருவிழா அன்று வீடு நிறைய ஆட்கள். அவர் பட்டுச்சேலையோடு தேர் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் கூப்பிட்டேன்.

“அண்ணி, கொஞ்சம் கூட்டி வைங்க.”

“அண்ணி, கொறச்சி விடுங்க.”

“அண்ணி, தேத்தண்ணி கொதிக்குது, அமத்துங்க.”

தேர் எங்கள் லயத்தைத் தாண்டிப் போனபோது அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். மேளச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசியில் பொறுமை போய், என் கையைப் பிடித்து இழுத்து, என் விரலைத் தானே கண்ணாடியில் வைத்து அழுத்தினார். அடுப்பு கேட்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னா வெரலு இது?”

“கொழுந்து பறிச்சு ஒங்கள படிக்க வச்ச ஒங்க அம்மாவுக்கும் இதே வெரலுதானே அண்ணி.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதாவது முட்டி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பாயாசம் பொங்கி மேலே வந்தது.

“அமத்துங்க அண்ணி” என்றேன்.