காலியாக விட்ட கட்டம்

பின்லாந்தின் குவோபியோ நகரில் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கையில் கட்டும் அபாய மணி செய்கிற சிறிய நிறுவனம் ஒன்றில் சிர்க்கு ரஹ்கோனென் கணினி நிரல் எழுதினாள். வயது ஐம்பத்து மூன்று. பதினோரு வருஷமாக அதே ஜன்னலோர மேஜை. வியாழக்கிழமை எல்லோரும் பட்டாணி சூப் சாப்பிடும்போது அவளும் சாப்பிடுவாள், ஆனால் கடைசி நாற்காலியில். கர்வம் என்று நினைத்தவர்கள் உண்டு. கர்வமாவது மண்ணாங்கட்டியாவது! பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதியவர் பொத்தானை அழுத்தினால் பதிவுப் படிவத்தின் உறவினர் கட்டத்தில் அவர் கொடுத்த எண்ணுக்குச் சேதி போக வேண்டும். புதிய நிரல் அடுத்த வாரம் ஊருக்குள் போகிறது. எல்லாச் சோதனையும் தேறிப் பச்சை காட்டியது. புதன்கிழமை சிர்க்கு அதில் ஒன்றைத் திறந்து படித்தாள்.

சோதனையில் நிஜமாக யாருக்கும் போன் போகாது. போனுக்குப் பதில் 'மாக்' என்று ஒரு டம்மியை நிறுத்துவார்கள். இந்த டம்மியை எழுதியவன் அவளோடு வேலை செய்யும் யோவுனி. எது வந்தாலும் வாங்கிக்கொள், 'சேதி சேர்ந்தது' என்று சொல் என்பது அவன் உத்தரவு. எண்ணே இல்லாமல், 'நல்' என்கிற வெறுமை வந்தாலும் அந்த டம்மி மகராசன் சேர்ந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். சிர்க்கு உத்தரவை மாற்றினாள்: நிஜமாக ஓர் எண் வந்தால் மட்டும் வாங்கு. பிறகு உறவினர் எண் இல்லாத ஒருவர் அழுத்துவதாக வைத்துச் சோதனையை ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு. அந்த ஆள் தரையில் விழுந்துகிடந்து அழுத்தியிருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது.

"யோவுனி, உறவினர் கட்டம் காலியா இருந்தா மணி யாருக்கும் போகல."

"அம்மா தாயே, யாருமே இல்லாத மனுஷன் எங்க இருக்கான்? மக, தம்பி, எதிர்வீட்டுக்காரன்னு ஒருத்தராவது இருப்பாங்கல்ல? வேலையத் தேடிப் பிடிக்கிறியே!"

"யாருமே இல்லாதவங்களும் இருக்காங்க," என்றாள் சிர்க்கு. குரல் ஓங்கிவிட்டது. அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

யோவுனி கெட்டவன் இல்லை. மூன்று அக்காக்கள், கோடைக் குடில் நிறையச் சித்தப்பாக்கள். காலிக் கட்டம் அவன் கண்ணில் பட நியாயமே இல்லை. மறுநாள் இருவரும் உட்கார்ந்து திருத்தினார்கள்: எண் இல்லையென்றால் மணி நேராக நகர நர்ஸுக்குப் போகும். அதற்கென்று தனிச் சோதனையும் எழுதினாள். ஆனாலும் டம்மியை மட்டும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. நிஜக் கருவியை ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள்.

"சரி, யார் பேர்ல பதியறது?"

"என் பேர்லயே போடு."

"உறவினர்னு என் நம்பர வேணா போட்டுக்கவா?"

"வேணாம். காலியா விடு. அதுதான் சரி."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். கட்டத்தைக் காலியாகவே விட்டுப் பதிந்தான்.

ஞாயிறு மதியம், சமையலறையில் நின்றபடி சிர்க்கு கையில் கட்டிய கருவியின் பொத்தானை அழுத்தினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பத்து விநாடியில் கருவியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சிர்க்கு? நான் நர்ஸ் பெய்வி பேசறேன். என்னம்மா ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்லைங்க. இது சோதனை. மணி உங்களுக்கு வருதான்னு பாத்தேன்."

"அப்பாடா, பயந்தே போயிட்டேன்! நல்லா வருது. அப்போ வெச்சிடட்டுமா?"

சிர்க்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்களேன்," என்றாள்.