நண்பரின் இசைத்தட்டும் என் மனைவியின் கண்ணீரும்

புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும், நண்பர் சேவியரும் தோட்ட அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற நானும் என் வீட்டில் அமர்ந்து, ஒரே ஜெர்மானியப் பாடலின் இருவேறு இசைத்தட்டுகளை ஒப்பிட்டுக் கேட்பது வழக்கம். பெரும் வாத்தியக் குழுவோடு ஒரு பெண் பாடும் பாடல் அது. ஒரு ஞாயிறன்று அவருடைய தட்டைக் கேட்டு, சமையலறையிலிருந்து வந்த என் மனைவி கண்ணீர் விட்டாள். என் தட்டுக்கு அவள் ஒருநாளும் நின்றதில்லை.

"பாட்டு நடுவுல மூச்சு வாங்குறாளே, குறை இல்லையா?" என்றேன், பொறாமை தாளாமல்.

"அந்த மூச்சுதாங்க மனச தொட்டுச்சு. ஒங்க ரெக்கார்டுல பாடுறது மனுசியாவே தெரியல," என்றாள்.

"தோத்துட்டீங்க லா, கிராணி!" என்று சேவியர் சிரித்தார், தட்டையும் அவளுக்கே பரிசளித்தார்.

பொறாமை இன்றும் தணியவில்லை. ஆயினும் அவள் அதைக் கேட்கும்போதெல்லாம் அருகில் அமர்கிறேன். இத்தனை ஆண்டுகள் என் தட்டை நான் தனியாகவே கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைக்கிறது.