அக்காவின் மடக்கு ஸ்டாண்டு

அக்கா போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், ‘தனக்கென எதற்கும் ஆசைப்படாதவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பச்சைப் பொய். அக்கா ஆசைப்பட்டார். கேட்கத்தான் நமக்குக் காதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வழியனுப்பிவிட்டதால், நான் சொல்லச் சொல்ல அக்கா மகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தைகளை அவளே எடுத்துவிட்டாள். அதில் கட்டுரை பாதியாகிவிட்டது.

அக்கா சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்தவர். கல்யாணமாகித் திருப்பூர் வந்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை விழுந்த துணியை ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய துணியில் சாக்பீஸால் சூப்பர்வைசர் முகத்தை வரைவது அவருடைய சொந்த வேலை. இரண்டு பிள்ளைகள், மாமாவின் முதுகுவலி, எல்லாவற்றையும் ஒற்றை அறை லைன் வீட்டில் வைத்துச் சமாளித்தார். ஐம்பது வயதில் ஒருநாள், பெயிண்டில் பெரிய படம் வரைய வேண்டும் என்றார். செக்கிங்கில் நின்று பழகிய கால். உட்கார்ந்தால் கை ஓடாது. ஸ்டாண்டு வேண்டும்.

“கால் நீட்டிப் படுக்க எடமில்ல மாப்ள, இதுல படத்துக்கு ஒரு ஸ்டாண்டா?” என்றார் மாமா.

அக்கா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தைக் கையால் அளந்து காட்டினார். நான்கு விரல். மடங்கி அதற்குள் போனால் படம் உண்டு. இல்லையென்றால் இல்லை.

நான் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டுகிறவனுக்கு மரம் எம்மாத்திரம் என்று, கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி அறுத்தேன். பின்கால், இரண்டு முன்கால்களுக்கும் நடுவில் மடங்கி உட்கார வேண்டும். உட்காரவில்லை. இடித்தேன், மிதித்தேன், முருகனைக் கூப்பிட்டேன். அக்கா டேப்பை வைத்து அளந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

“ஏன்டா சாமி, பின்கால் ரெண்டு பக்கமும் அரையரை இஞ்சு கூட இருக்குது?”

“தையலுக்கு உட்டனுங்க்கா.”

“மரத்தைத் தைக்கப் போறயா? தொவைச்சாச் சுருங்கும்னு இன்னும் கொஞ்சம் உட்டிருக்கலாமல்ல?”

மறுநாள் இழைத்தேன். மடங்கியது. சந்துக்குள் போனது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவுடையது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஸ்டாண்டில் துண்டு காயப்போட்டார்கள். “வயசான காலத்துல எதுக்குங்க இதெல்லாம்?” என்று கேட்டவர்களும் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். வணக்கம்.

கடைசிப் படத்தில், செக்கிங் பெண்கள் டீ நேரத்தில் சிரிக்கிறார்கள். கட்டிங் மாஸ்டரான என்னை டீ வாளி தூக்க வைத்திருந்தார். கால் மட்டும் வரையவில்லை.

“உன்ர காலை அளந்துதான் வரையோணும். அரை இஞ்சு கூட இருக்கும்” என்றார். மறுவாரம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

அன்று, மாலை போட்ட போட்டோவை எதில் வைப்பது என்று தேடினார்கள். யாரோ ஸ்டாண்டைக் காட்டினார்கள். முடியாத படம் இறங்கியது. கவிழ்த்துப் போட்ட அதன் முதுகில் பூத்தட்டு ஏறியது. இறக்கிய கை யாருடையது? என்னுடையதுதான். ஒரு வருடமாக அந்தக் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த லைன் வீட்டுக்காரர்களுக்கும், சோறு பொங்கிப் போட்ட செக்கிங் பெண்களுக்கும் கைகூப்பி நன்றி. மாமாவுக்கும் நன்றி. அந்த நான்கு விரல் சந்தில் அவர் இன்றுவரை வேறெதையும் வைக்கவில்லை.

இன்று போட்டோவுக்கு நாற்காலி போதும். ஸ்டாண்டில் அக்கா ஆசைப்பட்டது நிற்கிறது. காலில்லாமல் டீ வாளியோடு நிற்பவன் நான். யாரும் வரைந்து முடிக்க வேண்டாம். பார்த்துவிட்டுப் போங்கள். துண்டு மட்டும் உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.