பசியால் பறக்காத பூச்சி

முதலில் வந்தது ஒரு பூச்சி. வலது கண்ணின் ஓரத்தில் கொசுவைவிடச் சற்றுப் பெரிதாக மிதந்தது. கையை வீசினேன், போகவில்லை. பார்வையைத் திருப்பினேன், கூடவே திரும்பியது.

“கண்ணுல பூச்சி பறக்குதுலா” என்று மனைவி கோமதியிடம் சொன்னேன்.

தமிழனின் வாயில் இதற்கு ஒரே பொருள்தான்: பசி மயக்கம். “பசியாறாம வேலைக்கு ஓடுனா அப்படித்தான்” என்று தோசையை அடுக்கினாள். நானும் மூன்று நாள் மறுக்காமல் தின்றேன். பூச்சிகள் பெருகின. என் வயிறும் பெருகியது.

மூன்றாம் நாள் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது. எங்கள் ஈப்போவில் மழைக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் காலை, பசியாறிக்கொண்டிருக்கும்போதே மூக்குப் பக்கமிருந்து கறுப்பாக ஏதோ இறங்கியது.

“யாரு லங்சீர இழுத்து மூடுனது?”

“நம்ம வீட்டு லங்சீரு துவைக்கப் போயி ரெண்டு நாளாச்சுங்க.”

சன்னலில் திரையே இல்லை. திரை என் கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது நான் வீரமாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் தோசைக் கையோடு மேசைக்கடியில் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கின் மேல்தான் இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. என் இடது கண் சோம்பல் கண் (சிறுவயதில் மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்ட கண்). நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அதை யாரும் சோதிக்கவில்லை. அது விலகி நிற்பதை மாறுகண் யோகம் என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதாகிறது, அந்த யோகம் இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு உருப்படியான கண் ஒன்றே ஒன்று. அதுதான் இருண்டுகொண்டிருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார். “விழித்திரை கிழிஞ்சிருக்கு அங்கிள்” என்றார். விழித்திரை (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருந்து ஒளியை வாங்கும் மெல்லிய படலம்) சுவரைவிட்டுக் கழன்றுகொண்டிருந்தது.

எனக்குக் கடுமையான கிட்டப்பார்வை (தூரத்துப் பொருள் மங்கித் தெரியும் குறை). அப்படிப்பட்டவர்களின் கண்ணுருண்டை நீண்டிருக்கும். பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கண் நீண்ட அளவுக்குத் திரையும் மெலிந்துபோகும். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி அந்தத் திரையை இழுக்கும். கூழின் கட்டிகள் திரைமேல் போடும் நிழல்தான் பூச்சி. திரைக்கு வலிக்கத் தெரியாது. இழுத்தால் வெளிச்சமாகத்தான் கத்தும். அதுதான் மின்னல். நான் அதற்குத் தோசை போட்டேன்.

“நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. இன்னிக்கே ஆப்பரேஷன் செய்யணும். ஏதும் சாப்பிட்டீங்களா?”

“ஆறு தோசை” என்றாள் கோமதி, தரையைப் பார்த்து. மயக்க மருந்து கொடுக்க, அது செரிக்கும்வரை காத்திருந்தோம். நடைக்கூடத்து நாற்காலியில் நான் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

“பூச்சின்னு நீங்கதான சொன்னீங்க! கொசு மருந்தா அடிக்க முடியும்?” என்றாள்.

மாலையில் கூழை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, திரையை அழுத்திப் பிடிக்க ஒரு வாயுக் குமிழியை உள்ளே விட்டார்கள். பிறகு பத்து நாள் குப்புறக் கிடக்க வேண்டும். பார்க்க வந்தவர்களின் குரல்தான் எனக்குத் தெரியும். ஒருவர் கேரட் கொண்டுவந்தார், ஒருவர் திருஷ்டி கழிக்க எலுமிச்சை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், இவர்களை வாசலிலேயே மடக்குங்கள்.

கோமதியின் தம்பி சேகர் வந்தான். “மச்சான், கெமரன் மலைக்குப் போலாம். கண்ணுக்குக் குளுமைலா.”

குமிழி கரையும்வரை மலையேறக் கூடாது. உயரத்தில் அது விரிந்து, அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். “என்னைக் குருடாக்கத்தான் வந்தியா?” என்று தரையைப் பார்த்துக் கத்தினேன்.

“நெகட்டிவா பேசாதீங்க மச்சான்” என்றான். குனிந்தபடி ஒருவனை அடிக்க முடியாது. முயன்று பார்த்தேன்.

குப்புறக் கிடந்த நாட்கள் முடிந்தபின் குமிழி மெல்லச் சுருங்கியது. கண் உலகைத் தலைகீழாகத்தான் வாங்குகிறது, மூளை நிமிர்த்திக்கொள்கிறது. அதனால் உள்ளே மேலே மிதக்கும் குமிழி, எனக்குக் கீழே தளும்பும் தண்ணீராகத் தெரிந்தது. அதன் மட்டம் தினமும் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேலே உலகம் தெளிவு. கதவு நிலைகள் மட்டும் சற்று வளைந்திருந்தன, இன்றும் அப்படித்தான். கண் சொல்வதை இப்போதெல்லாம் தொட்டுப் பார்த்த பிறகே நம்புகிறேன்.

கிழமைகள் மறந்துபோயின. தினமும் காலையில் கோமதி எதிரே உட்காருவாள். “இன்னிக்கு எதுவரைக்கும் தெரியுது?” என்பாள், கணக்கு வாத்தியார் மாதிரி, நடுக்கமே இல்லாத குரலில். ஒருநாள் பொட்டுவரை. பிறகு இமைவரை. பிறகு மூக்குத்தி.

ஒரு காலை தண்ணீர் அவள் மோவாய்க்குக் கீழே இறங்கியது; முதல்முறையாக அவள் வாய் தெரிந்தது.

“எதுவரைக்கும்?” என்றாள். கேட்டுவிட்டு உதடுகளைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டாள். அப்படியும் நடுங்கின. அந்தக் குரலுக்குக் கீழே இத்தனை நாளும் இதுதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

“மூக்குத்திதான்” என்றேன். “நேத்து மாதிரியே.”