அலுமாரிக்குள் செம்பு துலக்கியது யார்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், ஏனென்றால் இதே கதையை வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன், தேநீர் ஊற்றிக் கொடுத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அவர் படியிறங்கிப் போனபிறகு சிரித்திருப்பேன். ஜின் என்று ஒரு படைப்பு இருக்கிறது, அது ஈமான், மார்க்க நம்பிக்கை சம்பந்தப்பட்டது, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் எங்கள் ஊர் ஜின்கள் செய்வதாகச் சொல்கிறார்களே சில வேலைகள், மாமியாருக்குத் தலையிடி கொடுப்பதும் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்வதும், அதையெல்லாம் நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. வீட்டில் பல்ப் எரிந்துபோனால் யாரையாவது கூட்டிவந்து ஓதிப்பார்ப்போமா என்பார் என் கணவர். நான் கடைக்குப் போய் வேறு பல்ப் வாங்கி வருவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் இருட்டு இல்லை, நாய் ஊளையிடவில்லை, வெள்ளைச் சேலை இல்லை. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில்.

கல்முனைக்குடியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் நூதனசாலை, ஊரின் பழைய சாமான்களைச் சேர்த்துக் காட்டுகிற இடம். ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் கமிட்டி போட்டு ஆரம்பித்தது. நான் அதன் பொறுப்பாளர், என்னைத் தவிர அங்கே வேலைக்கு இருக்கிறவர் ஒருவர்தான், கூட்டித் துடைக்கிற ஸபியா ராத்தா. நெல் அளந்த மரைக்கால், கரைவலையின் மிதப்புக் கட்டைகள், வெற்றிலை வைத்துக் கொடுக்கிற பித்தளை வட்டா, கல்யாண வீடுகளில் சுற்றியிருந்து சாப்பிட்ட பெரிய சஹன் தட்டு, சத்தமே வராத ரேடியோ ஒன்று, இவைதான் எங்கள் சொத்து. பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் கூட்டம், மற்ற நாட்களில் கீழே சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் பொழுதுபோகாமல் ஏறிவந்து பார்ப்பார்கள். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடிக்கும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் கடற்காற்றோடு பழைய மரத்தின் வாசம் வரும், அப்போது இந்த ஊரில் என்னைவிட நல்ல வேலை பார்க்கிறவள் யாரும் இல்லை என்று தோன்றும்.

இந்த வேலைக்காகக் கொழும்பில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். அங்கே தலையில் அடிக்காத குறையாகச் சொல்லித் தந்தது ஒன்றுதான். பழைய உலோகத்தை மினுக்கக் கூடாது. அந்தக் கறுப்புத்தான் அதன் வயது, தேய்த்தால் வயதும் போய்விடும், அதில் வெட்டிய பெயரும் பூவேலையும் சேர்ந்து தேய்ந்துவிடும். நான் வந்து இதை ஸபியா ராத்தாவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புத்தி பேதலித்துவிட்டதோ என்கிற பார்வை.

"என்னகா புள்ள கதைக்கிறாய். ஊராக்கள் வந்து பாக்கிற இடத்தில ஏனத்தைக் கறுத்துப்போகக் கிடக்க விடுறதா?"

எங்கள் பெண்களுக்குப் பெருநாள் வந்தால் வீட்டுப் பித்தளை முழுக்க வெளியே வரவேண்டும், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால்தான் பெருநாள். ஸபியா ராத்தாவின் கை அப்படிப் பழகிய கை. நூதனசாலை திறந்த முதல் மாதத்திலேயே யாருக்கும் சொல்லாமல் ஒரு வெற்றிலை வட்டாவைத் தேய்த்துப் புதுசாக்கிவிட்டார், அதிலிருந்த பூவேலையில் பாதி போயே போய்விட்டது. கமிட்டித் தலைவர் ஹாஜியார் அன்றைக்குக் கூப்பிட்டுச் சொன்னார், இனி ஒருமுறை இப்படி நடந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று. ஸபியா ராத்தா புருஷனை இழந்தவர், சாய்ந்தமருதில் மகளோடு இருக்கிறார், இந்த வேலை போனால் மருமகனின் கையைப் பார்த்து நிற்க வேண்டும். அதன்பிறகு பித்தளைச் சாமான்களைத் தாண்டும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், சிரிப்பாக இருக்கும்.

இப்போது செம்பு. விருந்தாளிகளின் கையில் தண்ணீர் ஊற்றுகிற மூக்கு வைத்த பித்தளைச் செம்பு அது. ஒரு பழைய வளவு வீட்டை உடைத்துக் கட்டியபோது எங்களுக்குக் கொடுத்தார்கள், யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு, அது என் மேசை லாச்சிக்குள் இருக்கும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஒரு சனிக்கிழமை காலை நான் போய்ப் பார்க்கிறேன், செம்பின் மூக்கும் வாயும் பளபளவென்று இருக்கின்றன. அலுமாரியைத் திறந்தால் குப்பென்று புளி வாசம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வியாழன் பின்னேரம் கூட்டிவிட்டுக் கடைசியாகப் போனவர் ஸபியா ராத்தா, லாச்சிக்குப் பூட்டும் இல்லை, இதற்குமேல் என்ன விசாரணை வேண்டும்?

"வல்லாஹி நான் தொடல்ல" என்றார்.

"சத்தியம் பண்ணாதீங்க ராத்தா. பிறகு அதுக்கும் பதில் சொல்லணும்" என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரைப் பார்த்து. அவர் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் அந்தச் சூட்டோடு கமிட்டிக்கு முறைப்பாடு எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம், அதில் தீர்மானிக்கிறோம் என்றார் ஹாஜியார். அலுமாரித் திறப்பை அன்றிலிருந்து என் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டேன்.

இடையில் வந்த வெள்ளிக்கிழமை, மறுநாள் கூட்டத்துக்கு வேண்டிய கடதாசிகளை ஒழுங்குபடுத்தலாம் என்று நான் மட்டும் போனேன். மாடிக் கதவை உள்ளே தாழ் போட்டேன். ஜும்ஆ நேரத்தில் எங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கடையெல்லாம் பூட்டு, தெருவில் ஆட்டோச் சத்தம்கூட இல்லை, பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் மட்டும் கேட்கும். கீழே தையல் கடையும் பூட்டு. தண்ணீர்க் குழாயும் கீழேதான், மாடியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமாரிக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். சர்க், சர்க், சர்க் என்று ஒரு சத்தம். தேங்காய்த் தும்பால் பாத்திரம் தேய்க்கிற சத்தம், அது எந்தப் பெண்ணுக்கும் தூக்கத்திலும் தெரியும். பக்கத்து வளவில் யாரோ என்று நினைத்தேன். எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தேன், சத்தம் நின்றது. வந்து உட்கார்ந்து பேனையை எடுத்தேன், மறுபடி சர்க், சர்க். நடுவில் தண்ணீர் அலம்புகிற சத்தமும். திரும்பினேன், நின்றது. செம்பு அதன் இடத்தில் சும்மா இருக்கிறது, முன்பிருந்த மாதிரியே. மூன்றாம் முறை தொடங்கியபோது சத்தம் என் முதுகுக்குப் பின்னால் நாலு முழத்தில் கேட்கிறது, இந்த முறை நான் திரும்பவில்லை.

பயந்தாயா என்று கேட்பீர்கள். நம்பினால் நம்புங்கள், முதலில் வாய் தானாக ஆயத்துல் குர்ஸி ஓதியது உண்மை, ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பயம் இறங்கிவிட்டது. ஏனென்றால் அந்தத் தேய்ப்பில் கோபம் இல்லை. ஆண்கள் ஜும்ஆ முடிந்து விருந்தாளிகளோடு சாப்பிட வருவார்கள், அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று வேலை செய்கிற ஒரு வீட்டுக்காரியின் அவசரம்தான் இருந்தது. எங்கள் உம்மா குசினியில் வேலை செய்ய நான் விறாந்தையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிய நாட்களின் நிம்மதி எனக்கு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தேன்.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தார்கள். முதல் மோட்டார் சைக்கிள் தெருவில் போனதும் சத்தம் நின்றது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். செம்பின் வயிறு முழுக்கப் பொன்னாக மினுங்கியது. பின்பக்கத்தில் ஒரு கையகலம் மட்டும் கறுப்பாக மிச்சம். கண்ணாடித் தட்டில் தண்ணீர்த் துளிகள், அவற்றின் நடுவே ஈரமான ஒரு புளியங்கொட்டை. அலுமாரி பூட்டியபடி, திறப்பு என் கழுத்தில்.

அப்போது எனக்கு ஜின்னின் நினைவு வரவில்லை, ஸபியா ராத்தாவின் முகம்தான் வந்தது. ஆட்டோ பிடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, நான் பிழையாச் சொல்லிட்டன். நீங்க இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

"அப்ப ஆரு?"

"தெரியா" என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நல்லா மினுக்கிரிக்கா?"

"உங்களவிட நல்லா."

அதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது, முறைப்பாடு எழுதியதைவிட இது அவரை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு கையைக் கழுவிவிட்டு எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

கமிட்டிக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் ஏழு பேரும் சிரிப்பார்கள், அல்லது ஓதிப்பார்க்க ஆள் கூட்டி வருவார்கள், அதற்குப் பிறகும் வேலை போவது ஸபியா ராத்தாவுக்குத்தான். சனிக்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்.

"முறைப்பாட்டை வாபஸ் எடுக்கிறன். ஸபியா ராத்தா ஒண்டும் செய்யல்ல. நான்தான் மினுக்கினன்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா மகள்? கொழும்புக்குப் போய்ப் படிச்சிட்டு வந்த ஆளா?"

"ஓம். கறுத்துக் கிடந்ததப் பாக்க ஏலாமப் போச்சு."

"உங்கட வீட்டில ஏனம் கழுவுறது புருஷன் எண்டெல்லவா கேள்வி" என்றார் ஓர் உறுப்பினர், எல்லோரும் சிரித்தார்கள், அதோடு விஷயம் முடிந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். ஸபியா ராத்தா திங்கட்கிழமை வந்து விளக்குமாற்றைச் சாத்திய இடத்திலிருந்தே எடுத்தார். ஹாஜியாரின் கட்டளைப்படி அந்தச் செம்பின் பதிவு அட்டையில் நானே எழுதினேன்: பித்தளை துலக்கப்பட்டது. துலக்கியவர், பரீனா. கீழே ஒப்பமும் வைத்தேன். பொய்தான், ஆனால் என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே நல்ல பொய் அது, எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது.

அதன்பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் நான் ஜும்ஆ நேரத்தில் வேண்டுமென்றே போய் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கையகலக் கறுப்பு அப்படியே இருக்கிறது. வேலையைப் பாதியில் விட்டுப் போகிற கை இல்லையே அது என்று எனக்கு மனசுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

போன மாதம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பதிவு அட்டைகள் இருக்கிற பெட்டியைத் திறந்தேன். மற்ற அட்டைகள் எல்லாம் வைத்தபடி சுத்தமாக இருந்தன. செம்பின் அட்டையில் மட்டும் என் பெயரின்மேலேயே ஒரு விரல் அடையாளம், புளிக் கரைசலின் பழுப்பு நிறத்தில். பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. என் பெயர் மட்டும் மை கரைந்து, வாசிக்க முடியாமல் போயிருந்தது.

பிள்ளைகள் போனபிறகு ஸபியா ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார், அடையாளம் முழுதாக மறைந்தது. நான் வைத்தேன், என் விரலுக்கும் அது காணாது. அவ்வளவு சின்னது.

"நீ என்னட்ட மன்னிப்புக் கேட்டாய் புள்ள" என்றார் ஸபியா ராத்தா, "அவட வேலைய உன்ட பேரில எழுதினதுக்கு அவகிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. யாரிடம், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது? இன்னொரு அட்டை எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன், துலக்கியவர் என்கிற இடம்வரை எழுதினேன், அதற்குமேல் பேனை ஓடவில்லை. அந்த அட்டை இப்போதும் என் மேசையில்தான் கிடக்கிறது.