கூண்டுக் கதவும் என் தம்பியும்

என் தம்பி ஒரெஸ்ட் பதினோரு வருடம் முஷ்டியால் சம்பாதித்தான். ஐஸ் ஹாக்கியில் கோல் போடுகிற பொடியன்களை எதிரணிக்காரன் எவனாவது ஓரத் தடுப்புப் பலகையோடு வைத்து நசுக்கினால், அடுத்து இறங்குவது ஒரெஸ்ட்தான். நேரே அவனிடம் போய், "என்னப்பா, போடலாமா?" என்று மரியாதையாகக் கேட்பான். இருவரும் கையுறையை உதறுவார்கள். அப்புறம் குத்து. முடிந்ததும் ஐந்து நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். அவன் ஓடியதைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். போட்ட கோல் மொத்தம் நான்கு. அதில் ஒன்று அவன் முதுகில் பட்டு உள்ளே போனது.

கனடாவின் சஸ்காச்சவான் மாநிலத்தில் எங்கள் ஊர் ஐஸ் அரங்கில் அந்தக் கூண்டுக் கதவைத் திறந்து மூடுவது நான். சம்பளம் கிடையாது, கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் இலவசம். ஊர் அணிக்கு ஆடிய வயதில் ஒரெஸ்ட் முதன்முதலாக உதட்டில் ரத்தத்தோடு வந்தபோதும் நான்தான் திறந்தேன். "அம்மாகிட்ட சொல்லிடாதக்கா" என்றான். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காலம் மாறியது. குத்துவதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ள பெரிய அணிகளுக்கு மனமில்லை. இருக்கிற எல்லாரும் பறக்க வேண்டும், கோல் போட வேண்டும். மேலாளர் ஒருநாள் போனில் பேசினார், அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. ஊர் திரும்புகிறவன் புலம்புவான் என்று உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை நிறைய அவித்து வைத்திருந்தேன். அத்தனையையும் தின்றுவிட்டு, "கை வீக்கம் வத்திருச்சுக்கா. சட்டைப் பட்டனை நானே போட்டுக்கறேன் பாரு" என்று காட்டினான். அவனுக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் அந்த மேலாளர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஐஸை விட்டு அவனால் இருக்க முடியவில்லை. தானிய லாரி ஓட்டிக்கொண்டே லைன்ஸ்மேன் பயிற்சிக்குப் போனான். கோடுகளைக் கவனிப்பதும், அடித்துக்கொள்கிறவர்களைப் பிரிப்பதும் லைன்ஸ்மேன் வேலை. "நீ பிரிச்சு விடுவியா, இல்ல சேந்துக்குவியா?" என்று பயிற்சியில் கேட்டுச் சிரித்தார்களாம். இவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

தேர்வு ஆட்டம் எங்கள் அரங்கிலேயே நடந்தது. அவனுக்கு மதிப்பெண் போட கோத்தியே என்ற கண்காணிப்பாளர் காபியோடு வந்து உட்கார்ந்தார். தேறினால் குளிர்காலம் முழுக்க ஐஸ். தவறினால், நாற்பதைத் தாண்டியவனை மறுபடி எவர் கூப்பிடப்போகிறார்?

கடைசிப் பகுதி வரை ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் எங்கள் ஊர்க் குழாய் ரிப்பேர்க்காரன் கெல்சியும் பக்கத்து ஊர் இளைஞன் ஒருவனும் முட்டிக்கொண்டார்கள். கையுறைகள் பறந்தன. அந்த இளைஞனின் ஹெல்மெட்டும் கழன்றது. லைன்ஸ்மேன்கள் இருவரும் முறைப்படி, கைகள் ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். திடீரென்று கெல்சி இழுத்த இழுப்பில் இளைஞன் மல்லாந்து சரிந்தான். ஒரெஸ்ட் பாய்ந்து விழுந்தான். தலை ஐஸைத் தொடுமுன் ஒரெஸ்டின் உள்ளங்கை அதன் அடியில் இருந்தது.

"போதும்ப்பா, ரெண்டு பேரும் நல்லாத்தான் போட்டீங்க. வீட்டுக்குப் போகணும்ல?" என்றான். பிடி தளர்ந்தது.

கெல்சியைத் தோளில் கைபோட்டு என் கதவுக்கு அழைத்து வந்தான். நான் திறந்தேன். கெல்சி உள்ளே போனான். பின்னாலேயே ஒரெஸ்டும் போய், பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினான். நானும், இத்தனை வருடப் பழக்கம், கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்!

அரங்கம் ஒரு கணம் முழித்தது. பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு.

"ஏ ஒரெஸ்ட்! நீ என்னடா பண்ணே?" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவன் தன் லைன்ஸ்மேன் வரிச்சட்டையைக் குனிந்து பார்த்தான். "அக்கா... கதவைத் திற" என்றான். பாவி நான், கெடுத்தேனே என்று அவசரமாகத் தாழை நீக்கினேன்.

ஆட்டம் முடிந்ததும் கோத்தியே நேராகக் கூண்டருகே வந்தார். "தனக்குத்தானே அஞ்சு நிமிஷம் குடுத்துக்கிட்ட லைன்ஸ்மேனை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். எல்லாம் போச்சு என்று ஒரெஸ்ட் கழுத்து விசிலைக் கழற்றினான்.

"இரு. தலைக்கு அடியில கையை வெச்சியே, அது பயிற்சியில இல்லியே. யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். நான் விழுந்தப்பல்லாம் யாரும் வெக்கல. அதான்."

கோத்தியே அந்த விசிலை வாங்கி அவன் கழுத்திலேயே மாட்டிவிட்டார். நான் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

இப்போது எல்லாச் சனிக்கிழமையும் எவனையாவது அழைத்துக்கொண்டு என் கதவுக்கு வருகிறான். அடித்துக்கொண்டவனை உள்ளே விட்டதும் நான் ஒரெஸ்டுக்குக் குறுக்கே கையை நீட்டுகிறேன். "நீ வெளிய இருடா" என்கிறேன். "சரிக்கா" என்று பொய்ப்பல் தெரியச் சிரித்துவிட்டு, ஐஸுக்குத் திரும்புகிறான்.